கோலாலம்பூரிலிருந்து கணவன் மனைவி இருவரும் வார இறுதியில் மலாக்கா போக எப்படித் திட்டமிடுவது?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது: கார் இல்லை, வெள்ளி மாலை வேலை முடிந்து கிளம்பி ஞாயிறு இரவு வீடு திரும்ப வேண்டும், இருவரில் ஒருவர் சுத்த சைவம். இரண்டு இரவு மலாக்காவுக்குத் தாராளம். பழைய நகரம் மிகச் சிறியது. டச்சுச் சதுக்கத்திலிருந்து ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் ஜோங்கர் தெரு, அதற்கு அடுத்த தெருவில் கோயிலும் பள்ளிவாசலும். எல்லாம் நடந்து போகும் தூரம். சனிக்கிழமை காலை பதினொன்றிலிருந்து மாலை நான்கு வரையிலான நேரத்தில்தான் பலருடைய பயணம் கெட்டுப்போகிறது. வெயில் மண்டையைப் பிளக்கும் அந்த நேரத்தில்தான் சுற்றுலாப் பேருந்துகளும் வரிசையாக வந்து ஆட்களை இறக்கும். வெளியே பார்க்க வேண்டியதைப் பத்து மணிக்கு முன்பும் ஐந்துக்குப் பிறகும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பேருந்து. பண்டார் தாசிக் செலாத்தானில் உள்ள டிபிஎஸ் பேருந்து நிலையத்திலிருந்து மலாக்காவின் பேருந்து நிலையமான மலாக்கா சென்ட்ரலுக்கு அடிக்கடி வண்டி உண்டு. சாதாரணமாக இரண்டு மணி நேரம். வெள்ளி மாலையில் நெடுஞ்சாலை நெரிந்தால் மூன்றுக்கு மேலும் ஆகும். போகவும் வரவும் இரண்டு சீட்டையும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். போகும் சீட்டை மட்டும் வாங்கிவிட்டு ஞாயிறு மதியம் சென்ட்ரலில் போய் நின்றால் இரவு வண்டிதான் மிஞ்சியிருக்கும். ரயிலை நம்ப வேண்டாம். மலாக்கா நகருக்குள் ரயில் நிலையமே கிடையாது. பக்கத்தில் உள்ள புலாவ் செபாங் / தம்பின் நிலையம் முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது.

சென்ட்ரலிலிருந்து பழைய நகரம் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். நகரப் பேருந்து போகும், ஆனால் இரவில் அதற்குக் காத்திருப்பதைவிட கிராப் (கைப்பேசிச் செயலியில் அழைக்கும் வாடகைக் கார்) மேல். ஜோங்கர் தெருவில் வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளில் இரவுச் சந்தை நடக்கும், வண்டி உள்ளே வராது. விடுதி அந்தத் தெருவிலேயே இருந்தால் பெட்டியைக் கூட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். ஓட்டுநரிடம் பக்கத்துத் தெருவில் இறக்கிவிடச் சொல்லுங்கள்.

தங்கும் இடத்துக்குக் கொஞ்சம் அதிகமாகவே யோசியுங்கள். பழைய நகரத்தின் விடுதிகளில் பல, முகப்பு குறுகி உள்ளே நீண்டுபோகும் கடைவீடுகளைத் திருத்திக் கட்டியவை. நடுவில் முற்றம், முன்னும் பின்னும் மட்டும் சன்னல். இடையில் தடுத்த அறைகளுக்கு சன்னலே இருக்காது, அல்லது முற்றத்தைப் பார்த்த சின்னத் திறப்பு மட்டும் இருக்கும். பதிவு செய்யும்போது அறை விவரத்தில் 'சன்னல் இல்லை' என்று சிறு எழுத்தில் போட்டிருப்பார்கள். விலை குறைவாக இருக்கிறதே என்று எடுத்தால் ஈர வாடை இலவசம். தெருவைப் பார்த்த அறையில் காற்று வரும், அதோடு சந்தைச் சத்தமும் நள்ளிரவு வரை வரும். என் பரிந்துரை ஜோங்கருக்கு இணையாக ஓடும் துன் தான் செங் லாக் தெரு. பழைய பெயர் ஹீரன் தெரு. பணக்கார பாபா குடும்பங்கள் (மலாய்ப் பழக்கம் கலந்த சீன வம்சாவளியினர், அவர்களின் பெண்கள் நோன்யா) வாழ்ந்த தெரு, இரவில் அமைதி. படியைப் பற்றியும் கேளுங்கள்: மின்தூக்கி இல்லாத செங்குத்தான மரப்படிகள் இந்த வீடுகளில் சகஜம். இருவரும் வெளிநாட்டுக் கடப்பிதழ் வைத்திருந்தால் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. இணையத்தில் கட்டிய தொகையில் அது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் வரவேற்பில் கேட்பார்கள்.

சனி காலை ஏழரைக்கு செயின்ட் பால் குன்றில் ஏறுங்கள். சில நிமிட ஏற்றம்தான், ஆனால் பதினொரு மணிக்கு அதுவே தண்டனை. உச்சியில் நிற்கும் கூரையில்லாத தேவாலயம் போர்த்துகீசியர் 1521-இல் எழுப்பிய சிற்றாலயத்திலிருந்து வளர்ந்தது. புனித சவேரியாரின் உடலை 1553-இல் கோவாவுக்குக் கொண்டுபோகும் முன் சில மாதம் இங்கேதான் வைத்திருந்தார்கள். அந்தக் குழி இப்போது கம்பிக் கூண்டுக்குள் இருக்கிறது. வெளியே உள்ள அவர் சிலைக்கு வலது கை இல்லை. உள்சுவரில் சாய்த்து நிறுத்திய ஆளுயரக் கல்லறைப் பலகைகள் பெரும்பாலும் டச்சுக்காரர்களுடையவை. எழுத்தும் குலச்சின்னமும் இன்னும் தெளிவாக இருக்கின்றன, நின்று படிக்கலாம்.

மறுபக்கம் இறங்கினால் கோட்டை வாசல். 1511-இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியர் கட்டிய ஆ ஃபமோசா கோட்டையில் ஆங்கிலேயர் இடித்ததுபோக மிஞ்சியது இந்த ஒரு வாசல்தான். போர்த்துகீசிய வாசல் என்றுதான் எல்லாரும் படம் எடுப்பார்கள். வளைவுக்கு மேலே பாருங்கள்: டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னமும் 1670 என்ற ஆண்டும் இருக்கும். 1641-இல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர் பழுது பார்த்துத் தங்கள் முத்திரையைக் குத்திய வேலை. கடற்கோட்டையின் எதிரில் கடலைக் காணோமே என்று குழம்ப வேண்டாம். கடலைத் தூர்த்து நிலமாக்கியதால் கரை தள்ளிப்போய்விட்டது. எதிரே உள்ள பேரங்காடிகளுக்கு அப்பால்தான் இப்போது கடல்.

அங்கிருந்து டச்சுச் சதுக்கம். ஸ்டாட்ஹாய்ஸ் பழைய ஆளுநர் மாளிகை, பக்கத்தில் 1753-இல் முடிந்த கிறைஸ்ட் சர்ச். இந்தச் செங்காவி நிறம் டச்சுக்காரர் பூசியதல்ல, ஆங்கிலேயர் காலத்தில் வந்தது. தேவாலயம் திறந்திருந்தால் உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். உத்தரங்கள் ஒவ்வொன்றும் ஒட்டில்லாத ஒரே மரம். சதுக்கத்தில் பொம்மையும் பூவும் விளக்குமாக ஜோடித்து, பாட்டை அலறவிட்டபடி ரிக்‌ஷாக்கள் நிற்கும். ஏறும் முன்பே கட்டணம், எவ்வளவு நேரம், விலை ஆளுக்கா வண்டிக்கா என்ற மூன்றையும் பேசிவிடுங்கள். தகராறு வருவது மூன்றாவதில்தான்.

பத்து மணிக்குப் பாலத்தைத் தாண்டி தெரு தொக்கோங், தெரு தூக்காங் எமாஸ் பக்கம் போங்கள். தமிழர்களுக்கு இந்த ஊரில் முக்கியமான இடம் இதுதான். ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் 1781-இல், டச்சு அரசு கொடுத்த நிலத்தில், மலாக்கா செட்டிகள் கட்டியது. பெரிய ராஜகோபுரத்தைத் தேடினால் கோயிலைத் தாண்டிப் போய்விடுவீர்கள், முகப்பு அவ்வளவு அடக்கம். சில எட்டில் 1748-ஆம் ஆண்டின் கம்போங் கிளிங் பள்ளிவாசல். அடுக்குக் கூரை, சீனப் பகோடா போன்ற மினாரா, கிரேக்கத் தூண்கள். கட்டியவர்கள் இந்திய முஸ்லிம் வணிகர்கள். தொழுகை நேரம் தவிர்த்துப் போங்கள், தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். இன்னும் சற்றுத் தள்ளி செங் ஹூன் தெங், 17-ஆம் நூற்றாண்டுச் சீனக் கோயில். கூரை முகட்டில் உடைந்த பீங்கான் துண்டுகளை ஒட்டிச் செய்த உருவங்களைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

செட்டிகளைப் பற்றி மேலும் அறிய விரும்பினால் காஜா பெராங் சாலையில் உள்ள கம்போங் செட்டிக்கு கிராப் பிடியுங்கள். சுல்தான்கள் காலத்தில் வந்த தமிழ் வணிகர் உள்ளூர்ப் பெண்களை மணந்து உருவான சமூகம். வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது மாரியம்மன். அங்கே சிறிய அருங்காட்சியகம் ஒன்றும் உண்டு. பெரும்பாலான சுற்றுலாப் பட்டியல்களில் இந்த ஊர் இல்லை என்பது எனக்குப் புரியாத விஷயம்.

மதியத்தை ஹீரன் தெருவின் பாபா நோன்யா மரபு அருங்காட்சியகத்துக்கு விடுங்கள். வழிகாட்டியோடு சுற்றும் நேரத்தை முன்பே கேட்டு வையுங்கள், தனியாகச் சுற்றினால் பாதி விஷயம் விளங்காது. பிறகு அறைக்குப் போய்த் தூங்குங்கள். மழையும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் கொட்டும்.

இனி சாப்பாடு, அதாவது சைவக்காரரின் சங்கடம். நோன்யா சமையலில் காய்கறிப் பொரியலிலும் பெலாச்சான் எனும் இறால் விழுது இருக்கும். சம்பலில் நிச்சயம் இருக்கும். லக்சா நூடுல்ஸிலும் போப்பியா சுருளிலும் காய்ந்த இறால். ஊர்ப் பெருமையான கோழிச்சோற்று உருண்டையில் சோறே கோழிச்சாற்றில் வெந்தது. சாத்தே செலுப் கடையில் கொதிக்கும் கடலைக் குழம்புச் சட்டி ஒன்றுதான். அதில் எல்லாக் குச்சியும் முங்கும், காய்கறிக் குச்சி எடுத்தாலும் அதே சட்டிதான். 'சாயூர்' என்று கேட்டால் காய்கறி வரும், இறாலோடு. "தாக் மாவ் பெலாச்சான், தாக் மாவ் ஊடாங்" (இறால் விழுது வேண்டாம், இறால் வேண்டாம்) என்று மலாயில் பிரித்துச் சொல்லுங்கள். நம்பிச் சாப்பிட இரண்டு வழி: சீன பௌத்த சைவக் கடைகள் (வெங்காயம், பூண்டு கூட இருக்காது, முட்டையை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்), அல்லது பெண்டஹாரா சாலையை ஒட்டிய லிட்டில் இந்தியாவின் வாழை இலைக் கடைகள். செண்டோல் எனும் தேங்காய்ப்பால் இனிப்பு இருவருக்கும் பொது. அதில் ஊற்றும் குலா மலாக்கா (தென்னை வெல்லம்) பாகு அடர்ந்த பழுப்பாக, லேசான புகை மணத்தோடு இருந்தால் கடை நல்ல கடை.

இரவில் படகு. முக்கால் மணி நேரம் ஆற்றில் போய் வரும். இருட்டிய பிறகு, விளக்கு எரியும்போது ஏறுங்கள், பகலில் வெயில்தான் மிச்சம். மைகார்டு (மலேசிய அடையாள அட்டை) உள்ளவருக்கும் வெளிநாட்டவருக்கும் விலை வேறு. சந்தையை ஒன்பதரைக்கு மேல் பாருங்கள், நெரிசல் சற்றுத் தளரும். சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலை ஆற்றோர நடைபாதையில் கம்போங் மோர்த்தேன் வரை நடந்து, பழைய மலாய் மரவீடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். ஒரு மணிக்குள் பேருந்து ஏறுவது நல்லது, மாலையில் தலைநகர் நோக்கிய நெடுஞ்சாலை நகராது. வாங்கிப் போக குலா மலாக்கா போதும்: உருளை வடிவில் இருக்கும், பொட்டலத்தில் கரும்புச் சீனி கலந்ததா என்று படித்துப் பாருங்கள். அசைவம் சாப்பிடுபவர் பெலாச்சான் வாங்கியே தீருவேன் என்றால் மூன்று பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, மூடியுள்ள டப்பாவில் வைத்துக் கட்டுங்கள். குளிரூட்டிய பேருந்தில் இரண்டு மணி நேரம் அந்த வாடையோடு உட்காரப் பக்கத்து இருக்கைக்காரர் சம்மதிக்க மாட்டார், உங்கள் வீட்டுச் சைவக்காரரும்தான்.