சிஸ்டர் ரொசெட்டா தார்ப்: கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்க நற்செய்திப் பாடகியும் கிதார் கலைஞருமான ரொசெட்டா தார்ப்பை ராக் இசையின் தாய் என்கிறார்கள். எல்விஸ் பிரெஸ்லிக்கு முன்பே ராக் பாடினாரா, அல்லது பிற்காலத்தார் சூட்டிய பட்டமா?

பட்டம் பிற்காலத்தது, இசை முற்காலத்தது. 1944-இல் அவர் பதிவுசெய்த 'ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹாப்பனிங் எவ்ரி டே' பாடலைக் கேளுங்கள். சாமி பிரைஸின் பியானோ பூகி-வூகி என்ற துள்ளல் நடையில் உருண்டோட, கிதார் இடையிடையே துள்ளிக் குதித்துப் பதில் சொல்லும். வரிகள் தேவாலயத்துக்கு உரியவை. தாளமோ நடன அரங்குக்கு உரியது. 1945-இல் அது, கறுப்பினத்தவரின் இசைக்கென்று பில்போர்டு என்ற இசை இதழ் தனியாக வைத்திருந்த பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. எல்விஸுக்கு அப்போது பத்து வயது. 'முதல் ராக் பாடல் எது' என்ற வழக்கில் மட்டும் என்னை இழுக்காதீர்கள். அதற்கு ஏற்கெனவே வாதிகள் அதிகம்.

கேள்வி: அந்தக் காலத்தில் ஒரு பெண் கிதார் கற்றது எப்படி?

தாயிடமிருந்து தொற்றியது. 1915-இல் அர்கன்சாஸ் மாநிலத்தின் காட்டன் பிளான்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். தாய் கேட்டி பெல் நூபின் ஊழியக்காரி. பாடுவார், மாண்டலின் வாசிப்பார். அவர்கள் சேர்ந்திருந்த பெந்தெகொஸ்தே சபையில் கைத்தட்டலும் ஆட்டமும் வழிபாட்டின் அங்கம். நான்கு வயதிலேயே குழந்தை கிதாரோடு சபை முன் நின்றது. பிறகு தாயும் மகளும் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

கேள்வி: நான் கிதார் பழகுகிறேன். அவருடைய வாசிப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் சுருதியை. திறந்த தந்திகளை மீட்டினாலே ஒரு மேஜர் கார்டு, அதாவது இசைந்து ஒலிக்கும் சுரக்கூட்டு, ஒலிக்கும்படி கூட்டிக்கொள்வார். அதனால் பாடிக்கொண்டே அடிநாதத்தை விடாமல் நிறுத்தி, மேல் தந்திகளில் ஓட முடிந்தது. 1964 மே மாதம் மான்செஸ்டரில் கிரனாடா தொலைக்காட்சி எடுத்த படத்தைப் பாருங்கள். மூடப்பட்ட ரயில் நிலையம். ஒரு நடைமேடையில் கலைஞர்கள், தண்டவாளத்துக்கு அப்பால் எதிர் மேடையில் ரசிகர்கள். நல்ல மழை. குதிரை வண்டியில் வந்து இறங்கியவர், 'டிடின்ட் இட் ரெய்ன்' என்று மழைப் பாட்டிலேயே ஆரம்பித்தார். ஐம்பதை நெருங்கும் வயது, கனமான மேலங்கி, தோளில் வெள்ளை கிப்சன் கிதார். வாசிப்பில் அவசரமே தெரியாது. ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக வந்து விழும்.

கேள்வி: தேவாலயத்தார் அவரை வெறுத்தது உண்மையா?

எல்லோரும் அல்ல, ஆனால் கோபம் உண்மை. 1938-இல் நியூயார்க் வந்தவர் காட்டன் கிளப் என்ற இரவு விடுதியில் பாடினார். டெக்கா நிறுவனத்துக்காக 'ராக் மீ' முதலிய பாடல்களைப் பதிவுசெய்தார். அந்த டிசம்பரிலேயே கார்னகி அரங்க மேடையையும் ஏறினார். மதுவும் நடனமும் உள்ள இடத்தில் கடவுள் பாட்டா என்று விசுவாசிகள் கொதித்தார்கள். லக்கி மில்லிண்டரின் இசைக்குழுவோடு அவர் சில உலகியல் பாடல்களையும் பாடியது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது. பிறகு நற்செய்திப் பாடல்களுக்கே திரும்பி, மேரி நைட் என்ற பாடகியோடு ஊர் ஊராகப் போனார். நிறவெறி நிலவிய தென் மாநிலங்களில் அரங்கு நிறையக் கூட்டம் இருந்தும் தங்க ஓட்டல் கிடைக்காமல் பஸ்ஸிலேயே படுத்த இரவுகள் உண்டு. இரண்டு பக்கமும் அவரைப் பாதிதான் ஏற்றன என்பது என் எண்ணம். அந்தப் பாதியிலிருந்துதான் ராக் பிறந்தது என்றும் சொல்வேன்.

கேள்வி: விளையாட்டு மைதானத்தில் கல்யாணம் செய்துகொண்டாராமே?

ஆம், டிக்கெட் போட்டு. 1951 ஜூலை 3, வாஷிங்டனின் கிரிஃபித் மைதானம். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பணம் கொடுத்து வந்தார்கள். மணமகன் ரஸல் மாரிசன், அவருக்கு மூன்றாவது கணவர். நிகழ்ச்சிக்கான ஒப்பந்தம் முதலில் முடிவானது, மாப்பிள்ளை பிறகுதான் கிடைத்தார் என்று ஒரு செய்தி உண்டு. தாலி கட்டிய கையோடு என்பார்களே, அப்படி மோதிரம் மாற்றிய கையோடு மணக்கோலத்திலேயே கிதாரை மாட்டிக்கொண்டு கச்சேரி செய்தார்.

கேள்வி: பிறகு ஏன் மறந்தார்கள்?

ராக் இளைஞர்களின் சரக்காக, அதிலும் வெள்ளை இளைஞர்களின் சரக்காக விற்கப்பட்டது. நாற்பதைத் தொட்ட கறுப்பினப் பெண்ணுக்கு அந்தச் சுவரொட்டியில் இடமில்லை. கற்றவர்கள் மறக்கவில்லை. ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் 1947-இல் ஒரு பதினான்கு வயதுப் பையன் பாடுவதைக் கேட்டு, அன்றைய கச்சேரியில் தம் மேடையிலேயே ஏற்றிக் காசும் கொடுத்தார். அந்தப் பையன்தான் லிட்டில் ரிச்சர்ட். 1986-இல் ராக் அண்ட் ரோல் புகழ் மன்றத்தின் முதல் பட்டியலில் அவர் இடம்பெற்றார். அவரை மேடையேற்றியவருக்கு அந்த மரியாதை 2018-இல்தான் வந்தது. இதற்கு நான் சமாதானம் சொல்லப்போவதில்லை. 1970-இல் பக்கவாதம், சர்க்கரை நோயால் ஒரு கால் போயிற்று. 1973-இல் பிலடெல்பியாவில் இறந்தார். கல்லறைக்குப் பெயர்க்கல் வந்ததோ பல்லாண்டுகளுக்குப் பிறகுதான்.

கேள்வி: புதிதாகக் கேட்பவர் எங்கே தொடங்கலாம்?

மேரி நைட்டோடு பாடிய 'அப் அபவ் மை ஹெட்'. ஒருவர் வரியை எறிய மற்றவர் பிடிப்பார். நடுவில் கிதார் தனியாக ஓடும் இடத்துக்காகவே இரண்டாம் முறை கேட்பீர்கள். பிறகு மான்செஸ்டர் படம். 1938 பதிவுகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒலி பழையது, காது பழக வேண்டும்.