சிங்கப்பூரில் என்எஸ் (தேசிய சேவை) முடித்துவிட்டு ஆகஸ்டில் பல்கலைக்கழகம் போகிறேன். வேதியியல் மறந்துவிட்டது. முதலாண்டுப் பொது வேதியியலுக்கு எங்கிருந்து தொடங்குவது?

மோல் கணக்கிலிருந்து தொடங்குங்கள். சேர்மங்களின் பெயர்கள், தனிம வரிசையின் போக்குகள் எல்லாம் வகுப்பில் மறுபடி வரும். கிராம், மோல், செறிவு மூன்றுக்கும் இடையே தயங்காமல் போய்வரும் பழக்கத்தை மட்டும் யாரும் திரும்பக் கற்றுத்தர மாட்டார்கள். 13 வாரப் பாடத்தில் அதற்கு நேரமும் இருக்காது. ஜேசியில் (தொடக்கக் கல்லூரி) எச்2 நிலை வேதியியல் எடுத்தவர்களுக்கு இது கையில் இருக்கும். பாலியிலிருந்து (பலதுறைத் தொழிற்கல்லூரி) வருபவர்கள் ஜூலையிலேயே இதை முடித்துவிடுவது நல்லது.

உயர்நிலைப் பள்ளியின் ஓ நிலையில் ஒரு மோல் வாயு 24 கன டெசிமீட்டர் என்று படித்திருப்பீர்கள். அது அறை வெப்பநிலைக்கு. பல்கலைக்கழகப் பாடநூல்கள் பலவற்றில் 22.4 லிட்டர் என்றிருக்கும். அது 0 டிகிரி செல்சியஸ், 1 அட்மாஸ்பியருக்கு. இரண்டையும் நம்பாமல் வாயுச் சமன்பாட்டையே (PV = nRT) போடுங்கள். அழுத்தம் அட்மாஸ்பியரில், கனஅளவு லிட்டரில் என்றால் மாறிலி 0.08206. ஜூல் வரும் கணக்கில் 8.314. மாற்றிப் போட்டால் விடை சுமார் 100 மடங்கு விலகும். ஒவ்வொரு வரியிலும் அலகை எழுதுகிறவர் இதை அங்கேயே பிடித்துவிடுவார்.

மதிப்பெண் அதிகம் போகும் இடம் அமில-காரச் சமநிலை. சூத்திரம் தெரியாததால் அல்ல, வினை முடியும் முன்பே சூத்திரத்தில் கைவைப்பதால். 0.10 மோலார் அசிட்டிக் அமிலம் 25.0 மில்லிலிட்டரில், 0.10 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 10.0 மில்லிலிட்டர் ஊற்றுகிறோம். பிஎச் என்ன? தாங்கல் கரைசல் சூத்திரத்தில் (பிஎச் = பிகேஏ + அசிட்டேட்/அமிலம் விகிதத்தின் மடக்கை) கொடுத்த செறிவுகளை அப்படியே போட்டால் விகிதம் 1 ஆகி, அசிட்டிக் அமிலத்தின் பிகேஏ மதிப்பான 4.76 என்றே வரும். தவறு. முதலில் மோல்: அமிலம் 2.5 மில்லிமோல், காரம் 1.0 மில்லிமோல். வலுவான காரம் முழுவதும் வினைபுரிந்து தீர்ந்துவிடும். மிஞ்சுவது அமிலம் 1.5, அசிட்டேட் 1.0. இனித்தான் சமநிலை: 4.76 உடன் 1.0/1.5 இன் மடக்கையைக் கூட்டினால் 4.58.

அதே கணக்கில் 25.0 மில்லிலிட்டர் காரம் ஊற்றினால் அமிலமே இருக்காது. தாங்கல் கரைசல் சூத்திரத்துக்கு அங்கே வேலையில்லை. அசிட்டேட் மட்டும், அதுவும் மொத்தம் 50.0 மில்லிலிட்டரில், அதாவது 0.050 மோலார். பிஎச் 8.73. கனஅளவு இரட்டிப்பானதை மறந்தால் 8.88 வரும். நடுநிலையாக்கல் என்றாலே 7 என்று எழுதுகிறவர்களும் உண்டு. வலிமை குறைந்த அமிலத்துக்கு அது பொருந்தாது. நிறங்காட்டியாகப் பினாஃப்தலீன் எடுப்பதும் அதனால்தான். மெத்தில் ஆரஞ்சு வெகு முன்னதாகவே நிறம் மாறிவிடும்.

ஆய்வுக்கூடத்திலும் இதே கணக்குதான். சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் நம் ஊர் ஈரக்காற்றில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பளபளத்து ஈரமாகும், கரியமில வாயுவையும் இழுக்கும். எடை போட்ட அளவை வைத்துச் செறிவு சொல்ல முடியாது. பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் சுமார் 0.51 கிராம் நிறுத்துக் கரைத்து அதற்கு எதிராகக் காரத்தை முறித்து அதன் சரியான செறிவைக் கண்டுபிடியுங்கள் (தரப்படுத்தல்). தாலேட்டின் மோலார் நிறை 204.22, ஆகவே 0.51 கிராம் என்பது 2.5 மில்லிமோல். 0.10 மோலார் காரம் 25 மில்லிலிட்டர் அளவில் இறங்கும். பியூரெட்டின் நுனியில் காற்றுக்குமிழி இருந்தால் முதல் அளவீடே கெட்டுவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் படிப்பது படிப்பே இல்லை. மூடிவைத்துவிட்டு வெற்றுத்தாளில் போடுங்கள். மேலே உள்ள கணக்கையே காரம் 12.5 மில்லிலிட்டர், 30.0 மில்லிலிட்டர் என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள். முதலாவதற்கு 4.76, இரண்டாவதற்கு 11.96 வர வேண்டும்.