சத்துமாவு பாக்கெட்டில் மகளின் படம்: கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: எங்கள் ஊர் சத்துமாவு கம்பெனி ஒன்று என் நாலு வயது மகளின் படத்தைப் பாக்கெட்டில் போடக் கேட்கிறது. பத்தாயிரம் ரூபாய் தருகிறார்களாம். ஒரு பக்கத் தாளில் கையெழுத்து கேட்கிறார்கள். போடலாமா? இப்படிப் பாக்கெட்டில் முகம் வந்தவர்களுக்கு நிஜத்தில் என்ன கிடைத்தது?

பதில்:

போடலாம். ஆனால் அந்த ஒரு பக்கத் தாளில் போடாதீர்கள். பத்தாயிரமா ஐம்பதாயிரமா என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். எந்தச் சரக்கில், எந்த ஊர்களில், எந்தத் தேதி வரை என்ற மூன்றும் எழுதாத தாளில் எவ்வளவு கொடுத்தாலும் கையெழுத்துப் போடக் கூடாது.

அதற்கும் முன்னால், அந்த மாவை எந்த வயதுப் பிள்ளைகளுக்கு என்று சொல்லி விற்கப் போகிறார்கள் எனக் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் இரண்டு வயது வரை தாய்ப்பாலோடு சேர்த்துக் கொடுக்கும் உணவு என்று விற்றால், அதன் லேபிளில் குழந்தையின் படமோ பெண்ணின் படமோ இருக்கவே கூடாது. குழந்தைப் பால் மாற்று, பால்புட்டி, குழந்தை உணவு ஆகியவற்றுக்கான 1992-ம் ஆண்டுச் சட்டத்தின் 6-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. கொழுகொழு குழந்தையைப் பார்த்துத் தாய்மார் டப்பாவுக்கு மாறிவிடக் கூடாது என்பதற்கான தடை அது. மிக நல்ல சட்டம். மீறினால் சிறைத்தண்டனை வரை போகும். பள்ளிப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்குமான மாவு என்றால் இந்தத் தடை வராது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. பாக்கெட் முகங்களின் கதைகளில் நான் எல்லோருக்கும் சொல்வது ரஸல் கிறிஸ்டாஃப் வழக்கைத்தான். இவர் கலிஃபோர்னியாக்காரர், மாடலாக இருந்து பின்னால் மழலையர் பள்ளி ஆசிரியர் ஆனவர். 1986-ல் நெஸ்லேயின் கனடா நிறுவனத்துக்காகக் காபிக் கோப்பையை ரசித்துப் பார்ப்பதுபோல் நின்று படம் எடுத்துக்கொண்டார். கூலி 250 டாலர். படத்தை லேபிளில் பயன்படுத்தினால் மேலும் 2,000 டாலர், வேறு எதற்கானாலும் தனியாகப் பேசித் தீர்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. கவனியுங்கள், தாள் நன்றாகவே இருந்தது. ஆனால் கனடாவில் அந்தப் படத்தை லேபிளில் போட்டார்கள். அவருக்குத் தகவலும் இல்லை, பணமும் இல்லை. 1997-ல் அமெரிக்க நெஸ்லே தன் டேஸ்டர்ஸ் சாய்ஸ் காபிக்குப் புது லேபிள் தேடியபோது கனடாக்காரர்களிடமிருந்து அதே படத்தை வாங்கியது. கனடாவில்தான் ஏற்கெனவே ஓடுகிறதே, உரிமை இருக்கும் என்று நினைத்தார்கள். யாரும் ஒப்பந்தத்தைத் தேடிப் பார்க்கவில்லை. மெக்சிகோவுக்குப் போன லேபிளில் அவருக்குக் கிருதா வரைந்து நிறத்தையும் கொஞ்சம் கருக்கினார்கள்.

அவர் தன் முகத்தைக் கடையில் பார்த்தது 2002-ல். 2003-ல் வழக்குப் போட்டார். 2005-ல் ஜூரி கொடுத்த தீர்ப்பு சுமார் 1 கோடியே 56 லட்சம் டாலர். அதில் 3,30,000 டாலர்தான் அவருடைய நேரடி இழப்பு. மிச்சமெல்லாம் கம்பெனி அந்த லேபிளால் சம்பாதித்த லாபத்தின் பங்கு. 2007-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஒரு முகத்தைப் பலமுறை அச்சிட்டாலும், வழக்குக்கான இரண்டு வருடக் கெடு முதல் வெளியீட்டிலிருந்தே ஓடத் தொடங்கிவிடுமா என்பதுதான் சிக்கல். 2009-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், ரத்தானது ரத்தானதுதான் என்று சொல்லி, அத்தனை வருட லேபிள்களும் ஒரே வெளியீடா பலவா என்பதை விசாரிக்கக் கீழே திருப்பி அனுப்பியது. தாள் சரியாக இருந்தும் கெடு கெடுத்தது.

ஆகவே உங்கள் தாளில் முதலில் சேர்க்க வேண்டியது தொகை உயர்வு இல்லை. 'முதல் அச்சு வந்ததும் 15 நாளுக்குள் இரண்டு மாதிரிப் பாக்கெட்டுகளைப் பெற்றோருக்கு அனுப்ப வேண்டும். டிசைன் மாறும் ஒவ்வொரு முறையும் அப்படியே' என்ற வரி. கம்பெனிக்கு இதற்குத் தபால் செலவுதான் ஆகும். உங்களுக்கோ எந்தப் பாக்கெட் எப்போது வந்தது என்பதற்கு ஆதாரம் கிடைக்கிறது.

அடுத்தது: 'எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் வேறு கம்பெனிக்கோ, சகோதர நிறுவனத்துக்கோ, டீலருக்கோ படத்தைத் தரக் கூடாது, முகத்தையோ நிறத்தையோ கணினியில் மாற்றக் கூடாது, படத்தையோ அதிலிருந்து வரைந்த ஓவியத்தையோ டிரேட்மார்க்காகப் பதியக் கூடாது.' டிரேட்மார்க் பற்றி அழுத்திச் சொல்கிறேன். 1999-ம் ஆண்டுச் சட்டத்தின் 14-வது பிரிவுப்படி, உயிரோடு இருக்கும் ஒருவரோடு தொடர்பு இருப்பதாகத் தவறாகக் காட்டும் குறியைப் பதிய வந்தால் அவரின் எழுத்துச் சம்மதத்தைப் பதிவாளர் கேட்கலாம். அந்தச் சம்மதத்தைச் சேர்த்தே எழுதி வாங்கும் தாள்கள் உண்டு. 'அனைத்து உரிமைகளும் நிரந்தரமாக' என்று ஒரு வரி இருந்தால் அதற்குள் இதுவும் அடங்கிவிடும்.

காலம் எவ்வளவு? இரண்டு வருடம், பிறகு புதுப்பிக்கப் புதுத் தொகை. இங்கே கம்பெனி தரப்பில் ஒரு நியாயமான சிரமம் இருப்பதையும் சொல்ல வேண்டும். இந்த மாதிரிப் பிளாஸ்டிக் பாக்கெட்டுகள் பெரும்பாலும் கிராவ்யூர் முறையில் அச்சாகின்றன. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் தனியாகக் குடைந்து செய்ய வேண்டும். ஏழு நிற டிசைன் என்றால் ஏழு சிலிண்டர். முகம் மாற்றினால் அநேகமாக எல்லாவற்றையும் மறுபடி குடைய வேண்டும். போதாததற்கு, அச்சடித்த ரோல்களைக் குறைந்த அளவில் தர மாட்டார்கள். குடோனில் எப்போதும் மிச்சம் இருக்கும். ஒருமுறை பாக்கெட்டில் ஏறிய முகம் பத்து வருடமானாலும் இறங்காமல் இருப்பதற்குக் காரணம் இதுதான், பேராசை மட்டும் இல்லை. அதனால் ஒப்பந்தம் முடிந்த பின் இருக்கும் ரோலைத் தீர்க்க மூன்று மாதம் அவகாசம் கொடுங்கள். அதற்குப் பிந்தைய 'தயாரித்த தேதி' போட்ட பாக்கெட் வந்தால் மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை இப்போதே எழுதிவிடுங்கள். தேதியைப் பாக்கெட்டே சொல்லிவிடுவதால் வாக்குவாதம் வராது.

இடம் பற்றி: 'தமிழ்நாடு, புதுச்சேரி மட்டும்' என்று எழுதுவது பார்க்க நன்றாக இருக்கும். அவர்கள் இணையத்தில் விற்றால் அந்த வரிக்கு அர்த்தமில்லை. இணைய விற்பனை உண்டா என்று கேட்டு, உண்டென்றால் இந்தியா முழுவதும் என்று எழுதி அதற்கேற்பத் தொகை கேளுங்கள். ஏற்றுமதிக்குத் தனி அனுமதி.

சரக்கு பற்றி: 250 கிராம், 500 கிராம் சத்துமாவு பாக்கெட்டின் முன்பக்கம் என்று கிராம் வரை எழுதுங்கள். பேனர், பஸ் விளம்பரம், வாட்ஸ்அப் போஸ்டர் வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரி.

படத்தை உங்கள் செல்போனில் நீங்களே எடுத்துக் கொடுத்தால் காப்புரிமை உங்களுடையது. அவர்கள் பணம் கொடுத்து ஸ்டூடியோவில் எடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி எடுக்கச் சொன்னவருடையது. படம் அவர்களுடையதானாலும் முகம் உங்கள் மகளுடையதுதான். 1994-ல் நக்கீரன் ஆசிரியர் ராஜகோபால் தொடுத்த ஆட்டோ சங்கர் வழக்கில், ஒருவரின் பெயரையோ உருவத்தையோ சம்மதமில்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமை மீறல் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

ஸ்டூடியோவில் விளம்பரத்துக்குப் படமெடுப்பதாக இருந்தால் குழந்தைக் கலைஞர்களுக்கான 2017-ம் ஆண்டு விதிகளையும் கேட்டுப் பெறுங்கள்: ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, மாவட்ட ஆட்சியர் அனுமதியைத் தயாரிப்பாளர்தான் வாங்க வேண்டும், வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தை பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாகப் போக வேண்டும். பத்தாயிரம் என்றால் இரண்டாயிரம். மிச்சத்தையும் அவள் பெயரிலேயே போடுங்கள் என்பேன்.

வெளிநாட்டில் மற்ற முகங்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டீர்கள். அமெரிக்காவின் கெர்பர் குழந்தை உணவு டப்பாவில் இருக்கும் குழந்தை ஆன் டர்னர் குக். பக்கத்து வீட்டு ஓவியர் டோரதி ஹோப் ஸ்மித் கரிக்கோலால் வரைந்த சாதாரண ஸ்கெட்ச் 1928-ல் போட்டியில் ஜெயித்தது, 1931-ல் டிரேட்மார்க் ஆனது. குழந்தைக்கு அப்போது ஒன்றும் இல்லை. 1950-களில்தான் ஒரு தொகை வந்தது, சின்ன வீட்டுக்கும் முதல் காருக்கும் உதவும் அளவு. அவர் ஆங்கில ஆசிரியையாக வேலை பார்த்து 2022-ல் 95 வயதில் இறந்தார். சன்மெய்ட் திராட்சைப் பெட்டியின் சிவப்புத் தொப்பிப் பெண் லொரெய்ன் கோலெட், 1915-ல் ஓவியத்துக்கு உட்கார்ந்தவர். அவர் தொப்பி இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மனதைப் பிசைவது நான்சி கிரீன். கென்டக்கியில் அடிமையாகப் பிறந்தவர், 1893 சிகாகோ கண்காட்சியில் ஆன்ட் ஜெமைமா என்ற அப்பமாவு பிராண்டின் பெண் வேடத்தில் அப்பம் சுட்டு அந்த மாவைப் பிரபலமாக்கினார். 1923-ல் இறந்த அவருடைய கல்லறையில் பெயர்க்கல் வைத்தது 2020-ல். அதே வேடத்தில் பின்னால் வந்த அன்னா ஷார்ட் ஹாரிங்டனின் கொள்ளுப்பேரர்கள் 2014-ல் 200 கோடி டாலர் கேட்டுப் போட்ட வழக்கு அடுத்த வருடமே தள்ளுபடியானது. அவருடைய சொத்துக்குச் சட்டப்படி நிர்வாகிகள் தாங்கள்தான் என்று அவர்களால் நிறுவ முடியவில்லை. எழுத்தில் எதுவும் இல்லாமல் மூன்றாம் தலைமுறை போய்க் கேட்பது எவ்வளவு கடினம் பாருங்கள்.

பார்லே-ஜி குழந்தை யார் என்று சுற்றும் வாட்ஸ்அப் படங்களை நம்பாதீர்கள். அது 1960-களில் எவரெஸ்ட் விளம்பர நிறுவனத்தின் மகன்லால் தஹியா வரைந்த ஓவியம், எந்தக் குழந்தையும் மாடல் இல்லை என்று கம்பெனியே சொல்லியிருக்கிறது. உங்கள் கம்பெனியிடமும் இந்த வழியைக் கேட்டுப் பாருங்கள்: கற்பனைக் குழந்தையை வரையச் சொன்னால் ஓவியருக்கு ஒருமுறை கொடுத்தால் முடிந்தது.

பின்னால் எப்போதாவது அனுமதியில்லாத பாக்கெட்டில் மகள் முகத்தைப் பார்த்தால், கோபத்தில் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாமல் பில்லோடு இரண்டு பாக்கெட் வாங்குங்கள். பிரிக்காமல் வையுங்கள். பேட்ச் எண், தயாரித்த மாதம், தயாரிப்பாளர் முகவரி, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவு உரிம) எண் எல்லாம் தெரியும்படி படமெடுத்து அன்றே தேதி குறியுங்கள். வக்கீல் நோட்டீஸ் ஸ்பீட் போஸ்டில் அந்த மாதத்துக்குள் போக வேண்டும். நம் நாட்டில் இத்தகைய வழக்குக்குப் பொதுவாக மூன்று வருடம்தான் கெடு.