பீடோங்கில் பயோடெக் மாணவிக்குப் பயிற்சி கிடைக்குமா?

தங்கச்சி, ஈரோட்டிலிருந்து பயோடெக் படிக்க மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்குக்கு வந்திருக்கிறாய். பினாங்கு, கோலாலம்பூர் கம்பெனிகளுக்கு இன்டர்ன்ஷிப் கேட்டு எழுதியும் பதில் வரவில்லை. சுற்றிலும் செம்பனையும் (எண்ணெய்ப் பனை) ரப்பருமாக இருக்கும் இந்தத் தோட்டப்புறத்தில் என்ன கிடைக்கும், பணம் தருவார்களா, மாணவர் பாஸில் (படிப்பு விசாவில்) சிக்கல் வருமா, சமூகச் சேவைப் பாடத்துக்கு எங்கே போவது என்றெல்லாம் கேட்டிருக்கிறாய். நான் பொள்ளாச்சிக்காரி. கல்யாணமாகி இங்கே வந்தவள், கூலிம் பக்கத்தில் ஒரு செம்பனை ஆலையின் லேப்பில் வேலை. பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் என்னிடம்தான் வந்து சேர்வார்கள். நீ தேடும் வேலை உன் விடுதியைச் சுற்றியே இருக்கிறது, அதை இரண்டாந்தரமாக நினைக்காதே என்பதுதான் என் பதில்.

பெரிய கம்பெனிகள் பதில் போடாததற்கு உன் மார்க்கைக் காரணமாக எடுத்துக்கொள்ளாதே. டேலண்ட்கார்ப் என்ற மலேசிய அரசு நிறுவனம் வழியாக நடக்கும் பயிற்சித் திட்டத்தில் சேரும் கம்பெனிகளுக்குப் பயிற்சியாளர் செலவுக்கு இரட்டை வரிக்கழிவு உண்டு. அது மலேசியக் குடிமக்களான மாணவர்களை எடுத்தால்தான். ஒரே தகுதியுள்ள இருவரில் உள்ளூர்ப் பிள்ளையை அவர்கள் முதலில் பார்ப்பது அதனாலும்தான்.

பாஸ் விஷயத்தை நன்றாகப் புரிந்துகொள். பாடத்திட்டத்தில் கிரெடிட்டோடு வரும் பயிற்சி வேறு, பகுதிநேர வேலை வேறு. பகுதிநேர வேலை என்றால் செமஸ்டர் விடுமுறையிலோ ஏழு நாளுக்கு மேற்பட்ட விடுமுறையிலோதான், வாரத்துக்கு 20 மணி நேரம் வரை, அதுவும் குறிப்பிட்ட சில துறைகளில் மட்டும். பல்கலைக்கழகம் மூலமாகக் குடிநுழைவுத் துறையின் அனுமதி வாங்க வேண்டும். "ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடையில் வந்து நில்லும்மா" என்று பாசத்தோடுதான் கூப்பிடுவார்கள். போய்விடாதே, பிடிபட்டால் படிப்பே போய்விடும். பயிற்சிக்கு உன் துறையிலிருந்து ஒரு கடிதம் வாங்கு. இது படிப்பின் கட்டாயப் பகுதி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த இடம், விபத்துக் காப்பீடு உண்டு என்று அதில் தெளிவாக இருக்கட்டும். மாணவர் பாஸ் பயிற்சிக் காலத்துக்கு நடுவில் முடிவதாக இருந்தால், புதுப்பிக்கும் வேலையை இப்போதே ஆரம்பி.

இனி ஆலை. பயோடெக்குக்கு இங்கே என்ன இருக்கிறது என்று கேட்டாயே, நிறைய இருக்கிறது. செம்பனைக் குலை வெட்டினவுடனே பழத்துக்குள் இருக்கும் லைபேஸ் நொதி எண்ணெயை உடைக்கத் தொடங்கிவிடும். பழம் அடிபட அடிபட அது வேகமாக நடக்கும். அதனால்தான் குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குக் கொண்டுவரப் பாடுபடுகிறார்கள். வந்ததும் நீராவியில் வேகவைத்து நொதியை அடக்குகிறார்கள். எண்ணெய் உடையும்போது வரும் தனிக் கொழுப்பு அமிலம் கச்சா எண்ணெயில் ஐந்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதை டைட்ரேஷன் செய்து பார்ப்பது லேப்பின் அன்றாட வேலை. நீ காலேஜில் ஒரு பீரியடில் செய்து முடிக்கும் டைட்ரேஷன்தான். இங்கே அந்த எண்ணைப் பார்த்து மேனேஜர் தோட்டத்துக்குப் போன் போட்டு, "நேற்றுக் குலை ஏன் தாமதம்?" என்று கேட்பார். உன் எண் ஒன்று ஒரு லாரியின் நேரத்தை மாற்றுவதைப் பார்க்கும்போது படிப்பு வேறு மாதிரி மனதில் தங்கும்.

அதைவிட உனக்குப் பொருத்தமானது கழிவுநீர்க் குளம். ஆலையிலிருந்து வரும் கழிவுநீரின் பிஓடி, அதாவது அதிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு, லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். 1977ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஆற்றில் விட வேண்டுமானால் அது 100க்குக் கீழே வந்தாக வேண்டும். சில இடங்களில் அதைவிடக் கடுமை. அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கைக் குளத்து நுண்ணுயிர்கள்தான் தின்று தீர்க்கின்றன. சில ஆலைகள் குளத்தை மூடி, வரும் மீத்தேனைப் பிடித்து மின்சாரம் எடுக்கின்றன. இங்கே பிஓடி பார்ப்பது 30 டிகிரியில் மூன்று நாள். இந்தியாவில் 27 டிகிரியில் படித்திருப்பாய், கவனமாக இரு. நாற்றம் கடுமைதான், ஆனால் உயிரோடு இருக்கும் ஒரு ரியாக்டரை நாள்தோறும் பார்க்கிற வாய்ப்பு பினாங்கின் ஏசி அலுவலகத்தில் உனக்குக் கிடைக்காது.

இடம் கேட்க மின்னஞ்சல் மட்டும் போதாது. நாலைந்து மாதம் முன்னாலேயே மலாயில் ஒரு பக்கக் கடிதம் எழுதி நேரில் கொண்டுபோ. விடியற்காலைப் பெரட்டு (தொழிலாளர்களைக் கூட்டிப் பேர் பதியும் வேலை) முடிந்ததும் மேனேஜர் தோட்டத்துக்குள் போய்விடுவார், பத்து மணிக்கு மேல் ஆபீஸில் பிடிக்கலாம். அவர் இல்லாவிட்டால் கிராணியாரிடம் (ஆபீஸ் எழுத்தரிடம்) பேசு. பல இடங்களில் அவர் நம் ஆள்தான், ஆனால் தமிழ் பேசுவதால் மட்டும் இடம் கிடைக்காது. ஆபரேட்டர்களிடம் தினமும் பேச மலாய் வேண்டும், இன்றைக்கே படிக்கத் தொடங்கு. ஆலைகள் தோட்டத்துக்கு உள்ளே இருக்கும், பஸ் வராது. லேப் ஊழியர் யாராவது காரில் சேர்த்துக்கொள்வார்களா என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடு. லைசென்ஸ் இல்லாமல் மோட்டார் சைக்கிளைத் தொடாதே. குலை ஏற்றிய லாரிகள் இருட்டிலும் ஓடுகிற பாதை அது.

பணம்? சில ஆலைகள் அலவன்ஸ் தரும், சில தராது. தருவதும் பெரும்பாலும் சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும் சரியாகிவிடும். அந்த மாதங்களுக்கான செலவை வீட்டில் முன்கூட்டியே பேசி வை.

சமூகச் சேவைப் பாடத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், இதில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். 2019இல் கல்வி அமைச்சு சூலாம் என்ற பெயரில் சேவைவழிக் கற்றலைக் கொண்டுவந்ததிலிருந்து பல்கலைக்கழகப் பிள்ளைகள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளைத் தேடி வருகிறார்கள். வந்து சுவரில் படம் வரைந்து, போட்டோ எடுத்து, பேனரைச் சுருட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். 150 பிள்ளைகளுக்குக் குறைவான பள்ளிகளில் ஆசிரியர்கள் ஆளுக்கு மூன்று பொறுப்பைச் சுமக்கிறார்கள். அந்த ஒரு நாளுக்காக அவர்கள் பாடத்தை நிறுத்த வேண்டியிருக்கிறது. தலைமையாசிரியரிடம் "என்ன தேவை?" என்று முதலில் கேட்டு, அதற்கு ஏற்றபடி திட்டத்தை எழுது. திட்டத்தை எழுதிவிட்டுப் பள்ளியைத் தேடாதே.

எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் ஒன்று. எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் சில அம்மாமார் மாங்காய் ஊறுகாயும் சாம்பார்ப் பொடியும் செய்து கோயில் திருவிழாவில் விற்பார்கள். டவுன் கடையில் வைக்க ஆசை, ஆனால் எத்தனை நாள் கெடாது என்று கடைக்காரர் கேட்டால் சொல்லத் தெரியாது. பயிற்சிக்கு வந்த இரண்டு மாணவிகள் ஊறுகாயின் பிஎச் (புளிப்பின் அளவு; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6க்குக் கீழே இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்த்தார்கள். பொடியின் ஈரப்பதத்தை அளந்தார்கள். லேபிளில் என்னென்ன இருக்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்து, சுகாதார அமைச்சின் மெஸ்தி என்ற உணவுப் பாதுகாப்புச் சான்றிதழுக்கான பதிவேடுகளை அம்மாமாருக்குத் தமிழில் சொல்லித்தந்தார்கள். போகும்போது பிஎச் தாளைப் பயன்படுத்த ஒரு அம்மாவைப் பழக்கிவிட்டுப் போனார்கள், அதனால் அந்த வேலை இன்னும் நடக்கிறது. அவர்களின் லாக்புக்கில் கையெழுத்துப் போட எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

நீ இரண்டையும் சேர்த்துச் செய்யலாம்: பயிற்சி ஆலையில், சேவைப் பாடம் அதே தோட்டத்தில். உன் துறை மேற்பார்வையாளர் ஒத்துக்கொள்வாரா என்று கேட்டுப் பார். மலாய்க் கடிதத்தை எழுதி எனக்கு அனுப்பு, திருத்தித் தருகிறேன். செப்டம்பர், அக்டோபர் குலை அதிகம் வரும் காலம், லேப்பில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும். அதற்குள் சேரும்படி பார்.