பெங்களூரு வீடுகளில் தண்ணீர்ச் சிக்கனம்: கேள்வி பதில்

கேள்வி: கே.ஆர்.புரத்தில் 30க்கு 40 மனையில் வீடு. மழைநீர் சேமித்தால் செலவுக்கு ஈடாக ஏதேனும் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், ஐயா. மொட்டை மாடி 100 சதுர மீட்டர் என்றால், ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 100 லிட்டர் விழும். நம் ஊரில் ஆண்டுக்குச் சுமார் 970 மில்லிமீட்டர் பெய்கிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 77,000 லிட்டர் மிஞ்சும். அது 6,000 லிட்டர் டேங்கர் லாரிகள் ஏறக்குறைய பதின்மூன்றுக்குச் சமம். காவிரி நீரோ 100 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரம் ஏற்றப்பட்டே நம் குழாய்க்கு வருகிறது.

கேள்வி: ஆர்.ஓ. குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் கழிவுநீரைச் செடிகளுக்கு ஊற்றலாமா?

பதில்: தினமும் ஊற்றாதீர்கள், அம்மா. உப்பு செறிந்த அந்த நீர் தொட்டி மண்ணில் சேர்ந்து வேரைக் கெடுக்கும். தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காரைக் குழாய்நீரில் கழுவலாமா?

பதில்: கூடாது. 2024 மார்ச்சில் குடிநீரில் வாகனம் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. ஒரு வாளி நீரும் துணியும் போதும்.

கேள்வி: மாடித் தோட்டம் கோடையில் இரண்டு வேளை நீர் கேட்கிறது. ஆர்.ஓ. நீரையும் விடலாமா?

பதில்: ஆர்.ஓ. நீரைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். தொட்டி மண்ணின் மேல் இரண்டு அங்குலம் காய்ந்த சருகோ தென்னை நாரோ மூடாக்காகப் போட்டு, அதிகாலையில் ஊற்றுங்கள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அன்று நீர் வேண்டாம்.

கேள்வி: மாடியில் விழும் மழைநீரைக் குழாய் வழியே நேராக போர்வெல்லில் விடலாம் என்று பிளம்பர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். இதை எத்தனை முறை கேட்டாலும் என் பதில் மாறாது. நம் நிலத்தடியில் இருப்பது கடும்பாறை. போர்வெல் நீர் அதன் விரிசல்களில்தான் நிற்கிறது. பறவை எச்சமும் தூசியும் கலந்த நீர், வடிகட்டும் மண்ணடுக்கைத் தாண்டி அந்த விரிசலுக்குள் போய்விட்டால், பிறகு அதைச் சுத்தம் செய்ய வழியில்லை. வண்டலும் விரிசலை அடைத்துவிடும். அதற்குப் பதிலாக மூன்றடி அகலம், இருபதடி ஆழத்தில் சிமெண்டு உறை இறக்கிய ரீசார்ஜ் கிணறு வெட்டுங்கள். நிரம்பினால் 4,000 லிட்டர் பிடித்து, மெல்ல மண்ணுக்குள் விடும். தலைமுறை தலைமுறையாகக் கிணறு வெட்டும் மண்ணு வட்டர் மக்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் கொடுத்தால் வேலை செம்மையாக நடக்கும்.

கேள்வி: நான் ஒப்புக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டில் நான்கு ஆண்டுகளாக நேராகவே விடுகிறார்கள், நீர்மட்டம் உயர்ந்திருக்கிறது.

பதில்: மட்டம் உயர்வது அளவைத்தான் காட்டும், தரத்தைக் காட்டாது. அந்த நீரில் மலக்கிருமி இருக்கிறதா என்று ஆய்வகத்தில் சோதிக்கச் சொல்லுங்கள். பாறை விரிசல் ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று, தெரு முழுவதும் அதிலிருந்து குடிக்கிறது.

கேள்வி: வடிகட்டி வைத்தால்?

பதில்: பராமரிக்கப்படாத வடிகட்டி இரண்டாவது பருவத்திலேயே அடைபட்டுவிடும் என்பதால், அப்போதும் ரீசார்ஜ் கிணற்றையே சொல்வேன். மழைக்காலத்துக்கு முன் மாடியைப் பெருக்கி, முதல் மழைநீரை வெளியே விட்டுவிட்டு, அதன் பிறகே கிணற்றுக்குத் திருப்புங்கள்.

கேள்வி: ஆர்.ஓ. கழிவுநீர் கறிவேப்பிலைக்கு மட்டும்?

பதில்: இரண்டாம் பதிலைப் படியுங்கள்.