ஆல்

கேள்வி: ‘லக்கானிக்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள்? அது பாராட்டா, குறையா? சுருக்கமாகச் சொல்லவும். (வாசகர், மேற்கு மாம்பலம்)

பதில்: நறுக்கென்று நாலு சொல்லில் பேச்சை முடித்துக்கொள்வது. பாராட்டா குறையா என்பதைச் சொல்கிறவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கிரேக்கத்தின் தெற்கே லக்கோனியா என்று ஒரு பகுதி. ஸ்பார்ட்டா அங்கேதான் இருக்கிறது. ‘உங்கள் மண்ணில் நுழைந்தால் ஊரைத் தரைமட்டமாக்குவேன்’ என்று அலெக்சாண்டரின் தகப்பனார் பிலிப் மிரட்டல் விடுத்தாராம். அந்த ‘ஆல்’ ஒன்றை மட்டும் ஸ்பார்ட்டாக்காரர்கள் பதிலாகத் திருப்பி அனுப்பினார்கள் என்பது கதை.

கிரேக்கத்தில் அது தனிச்சொல். நமக்கோ வினையின் வாலில் தொங்கும் விகுதி. தமிழர்கள் அந்தப் பதிலை அனுப்பியிருந்தால் பிலிப், ‘போர் என்றால் ஆலமரம் என்கிறார்களே!’ என்று குழம்பிப்போய் அமைச்சர்களைக் கூட்டியிருப்பார். சபைப் புலவர் எழுந்து, ‘மன்னா, இது கடைக்குறை, ஆலம் என்றால் நஞ்சு’ என்று உரை விரித்திருப்பார். கிணற்றுத் தண்ணீரைத் தொடப் பயந்து படை ஊர் திரும்பியிருக்கும்.

அது கிடக்கட்டும். ‘சுருக்கமாக’ என்கிறீர்களே, சென்னையில் ஒலிபெருக்கி முன்னால் நின்று பொய் சொல்பவர்கள் முதலில் சொல்லும் சொல் அது. நூல் வெளியீட்டு விழாவில் ‘இரண்டே வார்த்தை’ என்று எழுகிறவர், மேடையில் இருப்பவர்களுக்கெல்லாம் ஆளுக்கோர் ‘அவர்களே’ போடுவார். வருவதாகச் சொல்லி வராதவருக்கும் ஒன்று உண்டு. அதற்குள் வாசலில் வைத்த போண்டா ஆறிவிடும். நூலாசிரியரைப் பற்றிப் பேச்சு வருவதற்குள் நூலாசிரியரே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவார். நன்னூல் பத்து அழகுகளில் முதலாவதாகச் ‘சுருங்கச் சொல்லல்’ என்கிறது. ஆனால் பத்துக் குற்றங்களையும் ‘குன்றக் கூறல்’ என்றல்லவா தொடங்கிவிட்டார் பவணந்தியார்! நம் பேச்சாளர்கள் அந்த ஒரு குற்றத்துக்கு மட்டும் நடுநடுங்குகிறார்கள். அடுத்து வரும் ‘மிகைபடக் கூறல்’ அவர்கள் கண்ணில் பட்டதே இல்லை.

இந்த ஊரில் அசல் லக்கானிக் மாநகரப் பேருந்து நடத்துநர்தான். ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போ. விழா அமைப்பாளர்கள் பொன்னாடைக்குப் பதில் ஒரு விசில் வாங்கலாம், செலவும் குறைவு.

ஆலமரம் என்றதும் அடையாறு நினைவுக்கு வருகிறது. பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தடியில் அந்தக் காலத்தில் சொற்பொழிவுகள் நடந்திருக்கின்றன. 1989இல் அதன் நடுமரம் சாய்ந்தது. காற்றில் விழுந்தது என்கிறார்கள். எனக்குச் சந்தேகம் உண்டு.