மர்ரே நதியின் நீராவிப் படகுகள் – கடிதம்

வணக்கம். மெல்பர்னில் இருக்கிறேன். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். செப்டம்பர் பள்ளி விடுமுறையில், காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்து எச்சூகா, ஸ்வான் ஹில், மில்தூரா, மானம் என மர்ரே நதியை ஒட்டியே ஒரு வாரத்தில் கூல்வா வரை போய்விட எண்ணம். அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், முதுகுவலி உண்டு, கேரவனிலேயே படுத்துக்கொண்டு வரட்டும் என்று நினைக்கிறேன். எச்சூகாவில் பழைய நீராவிப் படகுகள் ஓடுகின்றனவாமே, அவ்வளவு மெதுவாகப் போகும் படகுக்கு அரை நாள் ஒதுக்குவது சரியா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

முதலில் ஒன்று. ஓடும் கேரவனுக்குள் யாரும் இருக்கக் கூடாது, ஆஸ்திரேலியாவில் அது சட்டப்படி குற்றம். அப்பா காரில் உட்கார்ந்துதான் வந்தாக வேண்டும். அதனால்தான் உங்கள் திட்டத்தைப் பார்த்ததும் கவலையாக இருந்தது. மர்ரே 2,508 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு. கேரவனை இழுத்துக்கொண்டு அதில் பெரும்பகுதியை ஒரே வாரத்தில் கடந்தால் பெரியவர்கள் பார்க்கப்போவது நெடுஞ்சாலையைத்தான். எச்சூகாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மெல்பர்னிலிருந்து 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். படகுக்கு அரை நாள் தரலாமா என்கிறீர்கள், நான் இரண்டு நாள் தரச் சொல்வேன்.

ரயில்வேக்காரருக்கு அந்த ஊர் நிச்சயம் பிடிக்கும். மர்ரே கடலில் சேரும் இடம் மணல்திட்டு நிறைந்தது, கப்பல்கள் எளிதில் உள்ளே வர முடியாது. 1853இல் முதல் நீராவிப் படகுகள் ஆற்றில் இறங்கிவிட்டன, ஆனால் ஏற்றிய ஆட்டுக் கம்பளியைத் துறைமுகத்துக்குச் சேர்க்க நல்ல வழி வேண்டுமே! 1864இல் மெல்பர்னிலிருந்து ரயில் எச்சூகாவுக்கு வந்ததும் அந்த வழி திறந்தது, உள்நாட்டுக் கம்பளியெல்லாம் படகில் அங்கே வந்து ரயிலேறியது. மறு ஆண்டே செம்மரத்தில் படகுத்துறை கட்டத் தொடங்கினார்கள். நான் சொல்வது ரெட் கம் என்கிற யூகலிப்டஸ் வகை, நம்மூர்ச் செம்மரம் அல்ல. ஆறு ஏறி இறங்கும் அளவு பல மீட்டர் என்பதால் துறையை மூன்று அடுக்காக எழுப்பினார்கள். முடிந்தால் அப்பாவைக் கீழ் அடுக்குவரை அழைத்துப்போய் அந்தத் தூண்களை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். பிறகு 1882இல் ஹே, 1885இல் பர்க் என்று உள்நாட்டு ஊர்கள்வரை சிட்னிப் பக்கத்து ரயில் உள்ளே உள்ளே நீண்டது, சரக்கும் அந்தப் பக்கம் போய்விட்டது. படகுகளை வாழவைத்ததும் ரயில், ஓய வைத்ததும் ரயில்.

அப்புறம் அந்த வேகம். தண்ணீருக்கடியில் கிடக்கும் மரக்கட்டைகள், திடீரென்று வரும் வளைவுகள், ஆழமில்லாத இடங்கள் என்று இந்த ஆற்றில் அவசரம் காட்டினால் படகின் அடி கிழிந்துவிடும். அந்தக் காலக் கேப்டன்கள் ஒவ்வொரு வளைவையும் நீளத் துணிச்சுருளில் கையால் வரைந்து வைத்துக்கொண்டு, சுருளை உருட்டி உருட்டிப் பார்த்தபடிதான் ஓட்டினார்கள். கோடையில் நீர் வற்றினால் மாதக்கணக்கில் சேற்றில் சிக்கிக் கிடந்த படகுகளும் உண்டு.

டிக்கெட் எடுக்கும்போது நீராவியில் ஓடும் படகா என்று கேட்டு எடுங்கள். 1866இல் அங்கேயே கட்டிய அடிலெய்ட் என்ற படகு இன்னும் மிதக்கிறது, ஆனால் எப்போதும் சவாரிக்கு வராது. என் தேர்வு 1911இல் எதிர்க்கரை மோமாவில் கட்டிய பெவன்சி, கம்பளி சுமந்த படகு. ஏறியவுடன் மேல்தளத்து நாற்காலிக்கு ஓடாதீர்கள், பாய்லர் பக்கத்தில் நில்லுங்கள். கதவைத் திறந்து ஒரு பிளந்த கட்டையை உள்ளே எறிவார்கள், முகத்தில் சூடு அடிக்கும், கதவு சாத்தப்படும். பக்கத்திலேயே எண்ணெய் மின்னும் இரும்புத் தண்டு முன்னும் பின்னும் போய்வர, வெளியே சக்கரப் பலகைகள் ஒவ்வொன்றாய்த் தண்ணீரில் விழும். டீசல் இரைச்சல் கிடையாது, சாதாரணக் குரலிலேயே பேசலாம். அப்பா ரயில்வேயில் எந்தப் பிரிவு என்று நீங்கள் எழுதவில்லை, எதுவானாலும் அங்கிருந்து அவரைக் கிளப்புவது கஷ்டம்தான்.

மற்றபடி, விடுமுறை என்பதால் கேரவன் பார்க்கை இப்போதே பதிவு செய்யுங்கள். பார்மா காட்டுப் பக்கம் ஆற்றோரமாகத் தங்க ஆசைப்பட்டால் ரெட் கம் மரத்தடியில் மட்டும் வண்டியை நிறுத்தாதீர்கள், காற்றே இல்லாத நாளிலும் பெரிய கிளை முறிந்து விழும். செப்டம்பரில் ஆற்றில் தண்ணீர் கூடுவதுண்டு, அதனால் கிளம்புகிற அன்று காலையில் படகு ஓடுகிறதா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.